உதவிமரம்

ஆங்கில வகுப்பொன்றிலே கடற்பயணக் கதை படித்துக்கொண்டிருந்த மாணாக்கர், 'ஜூரி மாஸ்ற்' என்னும் தொடரைக் கண்டு திகைத்து நின்றனர். 'மாஸ்ற்' என்பது பாய்மரம் என்பதை அவர்கள் அறிவர். 'ஜூரி' என்பதையும் அறிவர். கொலை வழக்குகளைப் பற்றிய கதைகளிலே அடிபடும் சொல் அது. இரண்டையும் பொருத்திப் பார்த்த ஒருவன் 'நடுவர் பாய்மரம்' என்று எழுதினான். மற்றொருவன் 'தீர்ப்புக் கூறும் பாய்மரம்' என்றான். ஒரு மாணவி, 'குற்றவாளியைக் கட்டிவைத்து விசாரிக்கும் மரம்' என்று விளக்கமும் தந்தாள். வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின், 'அப்படியாயின் அதன் பொருள் யாது?' என்று அவர்கள் கேட்டனர். 'புயலிலே பாய்மரம் முறிந்தால், துறைமுகம் போய்ச் சேரும்வரையில் மாலுமிகள் கையிற் கிடைத்ததைக் கொண்டு நிறுத்திக்கொள்ளும் பாய்மரம்' என்று ஒரே வரியில் விடை கூறிவிட்டு மேலே படிக்கச் சொன்னேன்.

அவ்விடை பிழையன்று. ஆயினும் அது நிறைந்த பெட்டியொன்றின்மேல் ஒட்டிய சீட்டுப் போன்றது. அப்பெட்டிக்குள்ளே 400 ஆண்டுக்கால மனித அனுபவம் அடங்கியிருக்கிறது. அன்று வகுப்பிலே கூறாது விட்டதை இங்கே கூற முற்படுகிறேன்.

பாய்மரம் முறிந்தால்

பாய்க்கப்பலுக்குப் பாய்மரம் வெறுங் கம்பமன்று. காற்றின் விசையைப் பாய்கள் பற்ற, அவ்விசையை வாங்கிக் கப்பலின் உடலுக்குக் கொடுப்பது பாய்மரமே. பெரிய கப்பல்களிலே மூன்று பாய்மரங்கள் நின்றன. அவை ஒவ்வொன்றும் தனிமரமன்று. அடிமரத்தின்மேல் நடுமரமும், அதன்மேல் நுனிமரமுமாக ஏற்றிப் பொருத்தி, நாற்புறமும் வடங்களால் இழுத்துக் கட்டியிருப்பர். இவ்வடங்கள் ஒரு மரத்தை மற்றொன்றோடும் பிணைத்தன. ஆதலால் ஒன்று முறிந்து வீழும்போது மற்றவற்றையும் உடன் இழுத்து வீழ்த்துதல் உண்டு.

பாய்மரம் இழந்த கப்பலின் நிலையை நிலத்தில் வாழ்வோர் எளிதில் உணரார். அது ஓடமாட்டாது என்பது மட்டுமன்று. உயர்ந்து நின்ற மரங்களின் பாரம், கப்பல் இருபுறமும் உருளும் வேகத்தைத் தணித்துக்கொண்டிருந்தது. அப்பாரம் போனதும் கப்பல் முன்னிலும் விரைவாக, முன்னிலும் கொடுமையாக உருளத் தொடங்கும். நிமிர்ந்து நிற்கவும் இயலாத அம் மேற்றட்டிலேதான் மாலுமிகள் மரவேலை செய்தல் வேண்டும். வீழ்ந்த மரமோ வடங்களிலே தொங்கியவாறு, அலைக்கு அலை கப்பலின் பக்கத்தை இடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முதலிற் செய்யவேண்டுவது கட்டுதலன்று, வெட்டுதலாகும். கோடரியெடுத்து வடங்களை வெட்டி அம்மரத்தைக் கடலிலே விட்டுவிடல் வேண்டும். இல்லையேல், நேற்றுவரை கப்பலை நடத்திய மரமே இன்று அதனைத் துளைத்து மூழ்கடித்துவிடும். ஆனால் அனைத்தையும் வெட்டிவிட்டாலோ, பின்பு கட்டுவதற்கு யாதும் எஞ்சாது. எதனை விடுவது, எதனை மீட்பது என்று அந்த இருளிலும் இரைச்சலிலும் துணிபவனே நல்ல மீகாமன்.

காற்றுத் தணிந்தபின் கட்டும் வேலை தொடங்கும். நெடும்பயணக் கப்பல்களிலே மேலதிகமாகச் சில மரங்களைக் கொண்டுசெல்வது வழக்கம். அவையும் போய்விட்டனவாயின், பாயைத் தாங்கும் குறுக்குமரங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வர். இரண்டு மரங்களின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகல விரித்து, கத்தரிபோல நிறுத்துவர். அதன் துணைகொண்டு புதுமரத்தைத் தூக்கி, முறிந்த பாய்மரத்தின் எஞ்சிய அடிக்கட்டையோடு அணைத்துப் பலசுற்று வடஞ் சுற்றி இறுக்குவர். மரத்தின் தலையிலே சுற்றிலும் வடங்களைப் பூட்டுவதற்கெனப் பல கண்களையுடைய முடிச்சொன்றையும் மாலுமிகள் வகுத்து வைத்திருந்தனர். அதற்குப் பெயரும் 'ஜூரி மாஸ்ற் முடிச்சு' என்பதே.

இவ்வாறு நிறுத்தப்பட்ட மரம் குட்டையானது. சிறு பாயையே தாங்கும். அதனைக்கொண்டு காற்றை எதிர்த்தேறுதல் அரிது; காற்றோடு ஒத்துப் போதலே இயலும். ஆதலால் மீகாமன் தான் விரும்பிய துறையை மறந்து, அடையக்கூடிய துறையை நோக்கிச் சுக்கானைத் திருப்புவான்.

சொல்லின் பிறப்பு

அமெரிக்காவின் வேர்ஜீனியாக் குடியேற்றத்தோடு பெயர் பெற்றவர் கப்டன் ஜோன் சிமித். அவர் 1615ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து மேற்குநோக்கிப் புறப்பட்டபோது, நடுக்கடலிற் புயல் தாக்கிப் பாய்மரங்கள் முறிந்தன. தற்காலப் பாய்மரமொன்றை நிறுத்திக்கொண்டு அவர் பிளிமத்துக்கே மீண்டார். அடுத்த ஆண்டு, 1616இலே, புதிய இங்கிலாந்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் இச்செய்தி வருகிறது; 'ஜூரி மாஸ்ற்' என்னும் சொல் அச்சிலே காணப்படும் மிகப் பழைய இடம் இதுவேயென அகராதியாளர் காட்டுவர். மாலுமிகளின் வாய்மொழியிலே அது அதற்கு முன்பே வழங்கியிருத்தல் வேண்டும்.

இச்சொல் எங்கிருந்து வந்தது? இதற்குப் பலர் பலவாறு விடை கூறியுள்ளனர். காயம், ஊறு என்று பொருள்படும் 'இஞ்சரி' என்னும் ஆங்கிலச் சொல்லே தலை குறைந்து 'ஜூரி' ஆயிற்று என்பது ஒரு கொள்கை. ஊறுபட்ட பாய்மரம் என்று பொருள் கொள்வதற்கு இது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வாறு முழுச்சொல் வழங்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை. நாள் என்று பொருள்படும் 'ஜூர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, ஒரு நாளைக்கு உதவும் பாய்மரம் என்ற கருத்திலே வந்ததென்பது மற்றொரு கொள்கை. இதற்கும் சான்று போதாது. உதவி, துணை என்று பொருள்படும் 'அஜூரி' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லே முதலெழுத்து நீங்கி வந்ததென்பது மூன்றாவது. உதவுதல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. மூன்றனுள்ளும் இதுவே பொருத்தமுடையதென அறிஞர் பலர் கருதுவர். எனினும் முடிந்த முடிபாக இதனையும் கொள்வதற்கில்லை.

ஒன்றுமட்டும் உறுதி. நீதிமன்றத்து ஜூரிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. அந்த ஜூரி, சத்தியஞ் செய்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. சத்தியஞ் செய்து தீர்ப்புக் கூறுவோர் என்பது அதன் கருத்து. ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறு. மாலை என்றால் பொழுதையும் பூந்தொடையலையும் ஒருங்கே எண்ணும் தமிழ் மாணாக்கருக்கு இது புதுமையன்று.

பின்னாளிலே பாய்மரத்துக்கு மட்டுமன்றிச் சுக்கானுக்கும் இந்த அடை சேர்ந்தது. மனிதருக்கும் சேர்ந்தது. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியின் 1811ஆம் ஆண்டுப் பதிப்பிலே, மரக்காலுக்கு 'ஜூரிக் கால்' என்ற பெயர் காணப்படுகிறது. பாய்மரத்தை ஒப்பிட்டு வந்த பெயர் என்ற விளக்கமும் உண்டு. 1851இலே ஹேர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' நாவலை வாசித்தோர் கப்டன் ஆகாப்பை மறவார். திமிங்கிலத்துக்குக் காலைப் பறிகொடுத்துத் திமிங்கில எலும்பினாலேயே கால் செய்து பூட்டிக்கொண்ட அவனை, பாய்மரம் இழந்த கப்பலோடு ஒப்பிட்டுப் பேசும் இடம் அந்நூலில் உண்டு. கப்பலோடு வாழ்ந்தவர்கள் தங்கள் உடம்பையும் கப்பலாகவே கண்டனர்.

ஆட்டுப் பிழுக்கையும் பவளப் பாறையும்

சொல்லின் கதையிலும் அச்சொல் குறித்த செயலின் கதை பெரிது. அவற்றுள் ஒன்று 1770ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆந் திகதி இரவிலே தொடங்கியது. கப்டன் ஜேம்ஸ் குக் செலுத்திய 'என்டெவர்' என்னும் கப்பல், அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்திலே பெரும் பவளத் திட்டிற் சென்று மோதி அகப்பட்டது. நீர் ஏற்றம் மிகுந்திருந்த வேளையிலே மோதியமையால், நீர் வற்ற வற்றக் கப்பல் பாறையின்மேல் மேலும் அழுந்தியது. பாரங் குறைப்பதற்காகப் பீரங்கிகள் ஆறும், இருப்புக் கட்டிகளும், கற்களும், மிடாக்களும் கடலிலே வீசப்பட்டன. ஏறத்தாழ 40, 50 தொன் எடை போயிற்று. மறுநாள் இரவுதான் நங்கூர வடங்களைப் பிடித்திழுத்துக் கப்பலைப் பாறையினின்றும் மீட்டனர். மீட்டதும் ஆபத்தே; பாறையிலே சிக்கியிருந்த கப்பல் மூழ்காது, விடுபட்ட கப்பல் மூழ்கும். நீரிறைக்கும் பொறிகளிலே தலைவன் முதற் கடைமகன் வரை முறைவைத்து உழைத்தனர்.

அவ்வேளையிலே ஜொனதன் மங்க்ஹவுஸ் என்னும் இளைஞன், கப்பலின் கீழ்நிலை அதிகாரிகளுள் ஒருவன், ஒரு வழி கூறினான். முன்பு அவன் சென்ற வணிகக் கப்பலொன்று ஓட்டை பட்டபோது, அவ்வழியைக் கையாண்டே வேர்ஜீனியாவிலிருந்து இலண்டன் வந்து சேர்ந்ததாம். குக் அவ்வேலையை அவனிடமே ஒப்புவித்தார். பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையும் ஆட்டு மயிரையும் பொடியாக நறுக்கிக் கலந்து, பாயொன்றின்மேல் பிடிபிடியாகப் பரப்பித் தைத்தனர். அதன்மேல் ஆட்டுப் பிழுக்கையும் பிற கழிவுகளும் பூசப்பட்டன. அப்பாயின் மூலைகளிலே கயிறு கட்டி, கப்பலின் அடிப்புறமாக இழுத்துச் சென்றனர். ஓட்டையை அணுகியதும், உள்ளே பாயும் நீரே நாரையும் மயிரையும் இழுத்துச் சென்று அதனை அடைத்துவிட்டது. கப்பலை மூழ்கடிக்க வந்த நீரின் விசையே அதனைக் காக்கும் வேலையையும் செய்தது. அதன்பின் ஒரே பொறியைக்கொண்டு நீரைச் சமாளிக்க முடிந்தது. மங்க்ஹவுஸின் திறமையைக் குக் தம் நாட்குறிப்பிலே பாராட்டி எழுதினார்.

இன்று குக்டவுன் என வழங்கும் இடத்தின் ஆற்றுமுகத்திலே கப்பலைக் கரையேற்றிப் பார்த்தபோது மற்றொரு வியப்புக் காத்திருந்தது. பெரிய ஓட்டையிலே பவளப்பாறையின் துண்டொன்று முறிந்து இறுகச் செருகியிருந்தது. ஓட்டை இட்ட பாறையே அதன் ஒரு பகுதியை அடைத்தும் நின்றது. அங்கே ஏழு வார காலம் தங்கிச் செப்பனிட்டு, ஓகஸ்ற் 4ஆந் திகதி அவர்கள் புறப்பட்டனர்.

ஆனால் அதுவும் முழுமையான செப்பமன்று. ஒக்ரோபரிலே பத்தாவியாத் துறையை அடைந்து, கப்பலைச் சாய்த்துப் பார்த்தபோது, சில பலகைகள் ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு கனமே எஞ்சும்வண்ணம் தேய்ந்திருந்தமை தெரிந்தது. அத்துணை மெல்லிய திரையே கடலுக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது. கப்பல் பத்தாவியாவிலே நன்கு செப்பமாயிற்று. கப்பலோர் அங்கேதான் நோயுற்றனர். வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் பலரைக் கொண்டுசென்றன. கப்பலின் வைத்தியராயிருந்த மங்க்ஹவுஸின் தமையன் பத்தாவியாவிலேயே இறந்தார். கப்பலைக் காத்த ஜொனதன் மங்க்ஹவுஸும் 1771 பெப்ரவரியிலே இந்து சமுத்திரத்தின் நடுவே உயிர்நீத்தான். அவன் ஓட்டையடைத்த கப்பல் அவ்வாண்டு யூலையில் இங்கிலாந்து சேர்ந்தது, அவன் சேரவில்லை. கடலில் எறிந்த பீரங்கிகள் ஆறும் 1969ஆம் ஆண்டிலே கண்டெடுக்கப்பட்டன.

நான்கு நாள் வேலை

செப்பமான துறைமுகத்திலே மாதக்கணக்கிற் செய்யவேண்டிய வேலையைச் சில நாளில் முடிக்கும் வல்லமை, சிலவேளை வரலாற்றின் போக்கையும் மாற்றிவிடுகிறது. 1798 மே மாதத்திலே, நெல்சனின் கொடிக்கப்பலாகிய 'வான்கார்ட்' சார்டினியாத் தீவுக்கருகே புயலில் அகப்பட்டு, முன்பாய்மரத்தையும் மற்ற மரங்களின் நுனிகளையும் இழந்தது. தோழமைக் கப்பலொன்று அதனை வடங் கட்டி இழுத்துச் சென்று சன் பியெத்ரோத் தீவின் மறைவிலே சேர்த்தது. திரும்பி ஜிப்ரோல்ரருக்குப் போய்ச் செப்பனிட்டிருந்தால் பிரெஞ்சுப் படையைத் தேடும் வாய்ப்புத் தவறியிருக்கும். தச்சர்கள் கிடைத்த மரத்தை முன்பாய்மரமாக நிறுத்தினர்; நான்கே நாளிற் கப்பல் மீண்டும் கடலேறியது. அவ்வாண்டு ஓகஸ்ற் 1ஆந் திகதி நைல் நதி முகத்திலே நெல்சன் பெற்ற வெற்றியைச் சரித்திர நூல்கள் கூறும். அத்தச்சர்களின் நான்கு நாள் வேலைக்கு அவற்றில் ஒரு வரி கிடைப்பது அரிது.

தச்சன் மக்னீஷ்

தச்சரை மறத்தல் இங்கு தொடங்கி இங்கு முடியவில்லை. சேர் ஏர்னஸ்ற் ஷக்கிள்ற்றனின் 'என்டியூரன்ஸ்' என்னும் கப்பல் தென்துருவக் கடலின் பனிக்கட்டியிலே சிக்கி நொறுங்கி, 1915 நவம்பர் 21ஆந் திகதி மூழ்கியது. (அதன் உடல் 2022 மார்ச்சு மாதத்திலே 3,008 மீற்றர் ஆழத்திற் கண்டுபிடிக்கப்பட்டது.) கப்பலிலிருந்த 28 பேரும் மாதக்கணக்காகப் பனியின்மேல் வாழ்ந்து, பின்பு மூன்று சிறு படகுகளிலே எலிபன்ற் தீவை அடைந்தனர். அங்கே மனிதர் எவரும் இல்லை. கப்பல் வரும் வழியும் அன்று. உதவி தேடி ஏறத்தாழ 800 மைலுக்கு அப்பாலுள்ள தென் ஜோர்ஜியாவுக்குப் போவதென ஷக்கிள்ற்றன் துணிந்தார். கையிலிருந்ததோ ஏறத்தாழ 22 அடி நீளமுள்ள 'ஜேம்ஸ் கெயாட்' என்னும் திறந்த படகு.

அப்படகை உலகின் மிகக் கொடிய கடலுக்கு ஏற்றதாக்கும் பொறுப்பு ஹரி மக்னீஷ் என்னும் தச்சனுக்கு ஆயிற்று. அவன் முன்னரே, பனியின்மேல் இருந்த காலத்தில், பழைய பலகைகளையும் பெட்டிகளிலிருந்து பிடுங்கிய ஆணிகளையும் கொண்டு படகின் பக்கங்களை உயர்த்தியிருந்தான். இப்பொழுது வேறொரு படகின் பாய்மரத்தை எடுத்து, நடு முறியாதிருத்தற் பொருட்டு உட்புறமாக அடிமரத்தோடு பிணைத்தான். பனிச்சறுக்கு வண்டியின் அடிச்சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் குறுக்கே பரப்பிச் சட்டமமைத்தான். அதன்மேல் இரட்டுத் துணியை விரித்து மேற்றட்டாக்கினர். உறைந்து பலகைபோற் கிடந்த அத்துணியைக் கடல்நாய்க் கொழுப்பு எரியும் அடுப்பின்மேல் அங்குலம் அங்குலமாக இளக்கித் தைக்க வேண்டியிருந்தது. பலகை இடுக்குகளுக்குக் கலப்பற்றுப் போட ஏதுமில்லை. விளக்குத் திரியைத் திணித்து, குழுவிலிருந்த ஓவியரின் வண்ணக் குழம்பையும் கடல்நாயின் இரத்தத்தையும் அதன்மேற் பூசினர்.

1916 ஏப்பிரில் 24ஆந் திகதி புறப்பட்ட அறுவரும் மே 10ஆந் திகதி தென் ஜோர்ஜியாவிற் கரையேறினர். மக்னீஷும் அவர்களுள் ஒருவன். கரையேறிய இடமோ தீவின் மறுபக்கம், நடுவே பனிமலைகள். ஷக்கிள்ற்றனும் இருவரும் அவற்றைக் கடக்கப் புறப்பட்டபோது, வழுக்காதிருப்பதற்காகப் படகின் திருகாணிகளைக் கழற்றி அவர்களின் சப்பாத்து அடிகளிலே பதித்துக் கொடுத்தவனும் அத்தச்சனே. எலிபன்ற் தீவிலே காத்திருந்த 22 பேரும் 1916 ஓகஸ்ற் 30ஆந் திகதி மீட்கப்பட்டனர். ஒருவரேனும் இறக்கவில்லை.

பின்பு குழுவினருக்குத் துருவப் பதக்கம் வழங்கப்பட்டது. நால்வருக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. அந்நால்வருள் மக்னீஷ் ஒருவன். பனியின்மேல் நடந்த நாள்களில் அவன் ஒருமுறை தலைவனோடு முரண்பட்டுக் கட்டளையை ஏற்க மறுத்திருந்தான். அம்முரண்பாடு நினைவில் நின்றது. படகு நினைவில் நிற்கவில்லை. 1930இலே நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் அவன் இறந்தான். அவன் வளர்த்த பூனையைப் பனியின்மேல் இருந்தபோது தலைவனின் ஆணைப்படி சுட்டுவிட்டனர். 2004ஆம் ஆண்டிலே அப்பூனையின் வெண்கல உருவமொன்று அவனது கல்லறைமேல் வைக்கப்பட்டது. 'ஜேம்ஸ் கெயாட்' படகோ இலண்டனிலுள்ள டல்விச் கல்லூரியிலே இன்றும் பேணப்படுகிறது. பதக்கம் பெறாதவனின் கைவேலையைக் காண மக்கள் அங்கே செல்கின்றனர்.

கடலிலிருந்து வானுக்கு

பாய்க்கப்பற் காலம் மறைந்தபின்பும் அச்சொல் மறையவில்லை. 1970 ஏப்பிரில் 13ஆந் திகதி, சந்திரனை நோக்கிச் சென்ற 'அப்பலோ 13' விண்கலத்திலே பிராணவாயுக் கலமொன்று வெடித்தது. விண்வெளி வீரர் மூவரும் சந்திரனில் இறங்குவதற்கென அமைந்த சிறுகலத்தை உயிர்காப்புப் படகாகக் கொண்டனர். இருவருக்கென அமைந்த அதில் மூவர் மூச்சுவிட, கரியமிலவாயு பெருகியது. வாயுவைச் சுத்தஞ் செய்யும் பெட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன. ஆனால் அவை சதுரம், சிறுகலத்தின் வாயில்களோ வட்டம். புவியிலிருந்த பொறியியலாளர், கலத்துக்குள்ளே உள்ள பொருள்களை மட்டுமே தம் மேசைமேல் பரப்பிவைத்து வழி தேடினர். பிளாஸ்டிக் பை, புத்தகத்தின் தடித்த அட்டை, விண்ணுடையின் காற்றுக்குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றாற் செய்த கருவியொன்றின் செய்முறையை வானொலி வழியே சொல்லிக் கொடுத்தனர். ஏப்பிரில் 17ஆந் திகதி மூவரும் உயிரோடு கடலில் இறங்கினர். அக்கருவியைப் பற்றிப் பேசும் ஆங்கில நூல்கள் கையாளும் வினைச்சொல், மாலுமிகளின் 'ஜூரி' அடையோடு கூடிய அதே சொல்லாகும்.

ஒரு சொல்லின் வீழ்ச்சி

இத்துணைப் பெருமையுடைய சொல்லுக்கு நேர்ந்த இழுக்கையும் கூறல் வேண்டும். ஆங்கிலத்திலே 'ஜெரி' என்று தொடங்கும் வேறொரு சொல் உண்டு. இலாபங் கருதி மலிவான பொருளால் அவசர அவசரமாகக் கட்டி, பார்வைக்கு அழகாக்கி விற்கப்படும் வீட்டை அச்சொல் குறிக்கும். 1860களிலேயே அது வழக்கில் இருந்தது. ஜேர்மானியப் படைவீரரை ஆங்கிலேயர் 'ஜெரி' என்றழைத்ததனால் வந்தது என்று சிலர் கூறுவது பொருந்தாது. யுத்த காலத்து அப்பெயருக்கு முன்பே இச்சொல் பிறந்துவிட்டது. ஒலி ஒப்புமையால் இரண்டும் மயங்கின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 'ஜூரி'யின் இடத்தில் 'ஜெரி'யைப் பெய்த கலப்புச் சொல்லொன்றும் தோன்றிவிட்டது. இன்று பலர் இரண்டனையும் ஒன்றாகவே கொண்டு, ஒப்புக்குச் செய்த வேலை என்ற இகழ்ச்சிப் பொருளிலே வழங்குகின்றனர்.

இது வெறும் எழுத்து மயக்கமாயின் கவலையில்லை. இரண்டு வகையான மனிதரை ஒன்றாக்கிவிடும் மயக்கம் இது. மோசமான வீட்டைக் கட்டியவனிடம் நல்ல செங்கல் வாங்கப் பணமும் இருந்தது, பொழுதும் இருந்தது. அவன் வேண்டுமென்றே தீயதைத் தேர்ந்தான். மக்னீஷுக்குத் தேர்வு என்பதே இல்லை. இருந்ததைக்கொண்டு ஆகக்கூடிய மிகச் சிறந்ததைச் செய்தான். முன்னவன் குறையைச் சுண்ணம் பூசி மறைத்தான். பின்னவனின் வேலையிலே ஒவ்வோர் ஒட்டும் வெளியே தெரிந்தது. அதில் ஏறிய அறுவரும் அது யாதென்பதை அறிந்தே ஏறினர். இவையன்றி மூன்றாவது வேறுபாடு ஒன்றுண்டு, அதுவே முதன்மையானது. மோசமான வீடு நிலையானதென்று சொல்லி விற்கப்படுவது. தற்காலப் பாய்மரமோ துறைமுகத்தை நோக்கியே நிறுத்தப்படுவது. துறை சேர்ந்ததும் தன்னைக் கழற்றிவிடுமாறு அதுவே வேண்டுகிறது. குக், பவளத் துண்டு அடைத்துக்கொண்டதே போதும் என்று இங்கிலாந்துவரை ஓடியிருந்தால், எட்டிலொரு பங்கு அங்குலப் பலகை எத்தனை நாள் தாங்கியிருக்கும்? இடைக்கால ஏற்பாட்டை நிலையான ஏற்பாடாக எண்ணி அமைதியுறும் நாளிலேதான், உயர்ந்த சொல் தாழ்ந்த சொல்லாகிவிடுகிறது. இது கப்பலுக்கு மட்டுமன்று. பாடசாலைக் கூரைக்கும், சட்டத்துக்கும், ஆட்சிக்கும் பொருந்தும்.

தமிழில் யாது கூறுவது?

இனி, மொழிபெயர்க்கும் ஆசிரியரின் இடர்ப்பாட்டுக்கு வருவோம். முறிந்த பாய்மரம் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. கயிறு அறுந்து, பாய் கிழிந்து, கூம்பு அடியோடு முறியக் காற்றிற் சுழலும் நாவாயை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிலே காட்டுகிறார். மணிமேகலையிலே ஆதிரையின் கணவன் சாதுவன், கலம் உடைந்தபோது ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் மலையை அடைகிறான். முறிவையும் மீட்சியையும் பாடிய மொழியிலே, இடையில் நிறுத்தும் இம்மரத்துக்கும் ஒரு பெயர் வேண்டாமா?

'தற்காலிகப் பாய்மரம்' என்றால் பொருள் விளங்கும். ஆனால் அதில் கந்தோர்க் கோவையின் வாடை வீசுகிறது. 'பொய்க்கால்' என்பதைப் போலப் 'பொய்ம்மரம்' எனலாமோ? ஆங்கிலத்து 'ஜூரிக் கால்' இதற்குத் துணைநிற்கும். ஆயினும் அம்மரம் யாரையும் ஏய்க்கவில்லையே! 'போலிமரம்' என்பதோ இலக்கணம் அறிந்தார்க்கு உவப்பாகலாம். நிலம் என்பது நிலன் என நின்றாலும் பொருள் மாறாதவாறு, ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து நின்று அதன் வேலையைச் செய்வதை இலக்கணம் போலி என்கிறது. அங்கே அஃது இழிசொல்லன்று. பேச்சுவழக்கிலோ போலி என்றால் ஏமாற்று. 'ஜூரி'க்கு ஆங்கிலத்தில் நேர்ந்த கதியே நம் 'போலி'க்கும் தமிழில் நேர்ந்துவிட்டது. வினையாகக் கூறவேண்டுமிடத்து நம்மிடம் 'ஒப்பேற்றுதல்' என்னும் நல்ல சொல் உண்டு. உள்ளதைக்கொண்டு ஒருவாறு நிறைவேற்றுதல் என்பது அதன் பொருள். அதற்கும் சிறிது இகழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வறுமையில் முளைத்த திறமையை எந்நாட்டாரும் முழுமனதோடு மதிப்பதில்லை போலும்.

எனக்கு உவந்த பெயர் 'உதவிமரம்' என்பதே. பழைய பிரெஞ்சுச் சொல்லைக் காட்டும் அறிஞரின் கொள்கை மெய்யாயின், அச்சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. அக்கொள்கை பொய்யாயினும் அம்மரம் செய்யும் தொழில் அதுவே. மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கடலேறிய நம்மவரின் 'கட்டுமரம்' என்னும் சொல்லை ஆங்கிலம் 'கற்றமறன்' என ஏற்றுக்கொண்டு 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அம்மொழியாரின் கயிறு சுற்றிய மரத்துக்கு நாம் ஒரு பெயர் கொடுத்தல் தகுதியான கைம்மாறே.

அடுத்த வகுப்பிலே கரும்பலகையில் 'உதவிமரம்' என்று எழுதினேன். 'தீர்ப்புக் கூறும் பாய்மரம்' என்று முன்பு சொன்ன மாணவன் எழுந்து, தன் விடை முழுவதும் பிழையோ என்று கேட்டான். சொல்லிலக்கணப்படி பிழைதான் என்றேன். ஆனால், பாய்மரம் முறிந்த பின்பு கப்பலிலுள்ளோர் நிறுத்தும் மரத்தைப் பார்த்தே அவர்கள் எத்தகையோர் என்று நாம் அறிகிறோம் என்பதையும் அவனுக்குக் கூறினேன்.